குழந்தையின் எடை அட்டை என்ன சொல்லுகிறது?



எங்கள் மருத்துவமனையைப் பார்க்க வருகிற சபையாரை நாங்கள் முதலில் அறுவைச் சிகிச்சை அரங்குக்கும், பிரசவ வார்டுக்கும், எக்ஸ்ரே அறைக்கும் அழைத்துச் செல்லுவது வழக்கம். அவற்றைப் பார்த்துவிட்டு எல்லாரும் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். அதன்பின் ஜீப்பில் ஏற்றி, கிராமக் கிளினிக் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் சிலருக்கு முகம் வாடிவிடும். அங்கே இருப்பது ஒரு புங்கமரம், அதன் கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தராசு, தராசின் கொக்கியில் துணித்தொட்டில், தொட்டிலில் வீரிட்டழும் ஒரு குழந்தை, பக்கத்தில் மர நாற்காலியில் ஒரு செவிலியர். அவ்வளவுதான். “குழந்தையை நிறுக்கிறதுக்கு ஒரு மருத்துவமனை வேண்டுமா? மளிகைக் கடைக்காரரே நிறுத்துவிடுவாரே!” என்று ஒரு பெரியவர் எங்களிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. பதிலை எங்களுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம்.

நான்கு புள்ளிகள்

பத்து மாத ஆண் குழந்தை ஒன்றை அதன் பாட்டி சளிக்காக எங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார். குழந்தை சிரித்தது. கன்னம் ஓரளவு உப்பலாகவே இருந்தது. மார்பில் சளி இல்லை. மூச்சும் சீராக இருந்தது. மருந்து எழுதி அனுப்பிவிடலாம் என்ற நிலையில் செவிலியர் பழக்கத்தின்படி, “அட்டை எங்கே பாட்டி?” என்று கேட்டார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பாலித்தீன் பையிலிருந்து அட்டை வந்தது.

ஆறாவது மாதத்தில் 7 கிலோ 100 கிராம். ஏழில் 7 கிலோ 200. எட்டில் மறுபடியும் 7 கிலோ 200. ஒன்பதில் 7 கிலோ 100. அன்றைக்கு நிறுத்தோம்: 7 கிலோ 100 கிராம். குழந்தை நான்கு மாதமாக வளரவே இல்லை. ஆறு மாதத்தில் நல்ல எடையில் இருந்த அதே குழந்தை, பத்து மாதத்தில் அதே எடையோடு குறைந்த எடை வரிசைக்கு வந்துவிட்டது. அந்த வயது ஆண் குழந்தைகளின் நடுவளவு 9 கிலோவுக்குச் சற்று மேல். 7 கிலோ 400 கிராமுக்குக் கீழே போனால் எடை குறைவு என்று கணக்கு.

வருத்தமான சங்கதி இனிமேல்தான். அந்தப் புள்ளிகள் யார் வைத்தவை? நாங்கள் வைத்தவை. ஒவ்வொரு மாதமும் எங்கள் ஊழியரே நிறுத்து, எங்கள் பேனாவாலேயே எழுதி, “சரி, போய்வாங்க” என்று அனுப்பியிருக்கிறோம். புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் அதிகம், வெயில் ஏறிவிட்டது, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகுகிறது என்று காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆனால் நிறுத்தது வீண். நான்கு மாதமாக அந்த அட்டை பேசிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவர்கள் நாங்கள், கேட்கவில்லை.

எடை ஏன் முதலில் பேசுகிறது?

குழந்தை உண்ணும் உணவு முதலில் உயிரோட்டத்துக்குச் செலவாகிறது: மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம். அடுத்து நோயோடு போராடுவதற்கு. மீந்தால்தான் வளர்ச்சிக்கு. எனவே உணவு குறைந்தாலும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வந்தாலும், உடல் முதலில் நிறுத்தி வைப்பது வளர்ச்சியைத்தான். குழந்தை சிரிக்கும், தவழும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எலும்பு தெரிய இளைப்பதும், காலில் நீர் கோத்து வீங்குவதும், முடி செம்பட்டையாவதும் வெகு நாள் கழித்து வருபவை. அவை வந்த பிறகு குழந்தையை மீட்பது கடினம், செலவும் அதிகம்.

இன்னொரு சுழலும் உண்டு. எடை குறைந்த குழந்தைக்கு நோய் எதிர்ப்பு குறைகிறது. நோய் வருகிறது. நோயில் பசி மந்தமாகிறது, வயிற்றுப்போக்கில் சத்து வெளியேறுகிறது. எடை இன்னும் குறைகிறது. அடுத்த நோய் சீக்கிரமே வருகிறது. தட்டம்மையாலும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்ததாகப் பதிவாகும் குழந்தைகளில் பலர் இந்தச் சுழலில் பல மாதங்கள் சுற்றிக் களைத்தவர்கள். சான்றிதழில் கடைசி நோயின் பெயர் மட்டுமே எழுதப்படுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகளில் இது இன்னும் முக்கியம். பிறந்தபோது ஏறக்குறைய 3 கிலோ இருக்கும் குழந்தை ஐந்து மாத அளவில் இரட்டிப்பாகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் ஆக வேண்டும். மனித வாழ்வில் இவ்வளவு வேகமாக வளரும் காலம் வேறு இல்லை. மூளையின் பெரும்பகுதி வளர்ச்சியும் இக்காலத்திலேயே நடந்து முடிகிறது. இந்த வயதில் இழந்த உயரத்தைப் பின்னால் எவ்வளவு சோறு போட்டாலும் முழுவதுமாகத் திரும்பப் பெறுவது அரிது.

ஒரு மிஷன் மருத்துவமனையில் பிறந்த அட்டை

இன்று உலகெங்கும் தாய்மார் கையில் இருக்கும் இந்த வளர்ச்சி அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. நம்மைப் போன்ற ஒரு மருத்துவமனையோடு சம்பந்தப்பட்ட வரலாறு அது. 1950களின் பிற்பகுதியில் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், நைஜீரியா நாட்டின் தென்மேற்கில் உள்ள இலேஷா நகரில், மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த வெஸ்லி கில்ட் மருத்துவமனையில் பணியாற்றினார். வார்டு நிறையக் குழந்தைகள். காப்பாற்றி அனுப்பிய குழந்தைகளே சில மாதங்களில் மறுபடியும் வந்தன. சில வரவே இல்லை.

அவர் அருகிலுள்ள இமேசி கிராமத்துக்குப் போய், அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். எந்தக் குழந்தை எப்போது தளர்கிறது என்பதை எடையே முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது. அதிலிருந்து உருவானதுதான் “ஆரோக்கியத்துக்குச் செல்லும் பாதை” என்று பொருள்படும் பெயர் கொண்ட அட்டை. குறுக்கே மாதங்கள், நெடுக்கே கிலோ, நடுவே மேல்நோக்கி வளைந்து செல்லும் இரண்டு கோடுகள். அந்த இரு கோடுகளுக்கும் இடைப்பட்டதே பாதை. குழந்தையின் கோடு அந்தப் பாதையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்ணால் கண்டுகொள்ளலாம்.

மார்லி செய்த வேறு மூன்று காரியங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, அட்டையைத் தாயிடமே கொடுத்தார். மருத்துவமனை அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. தொலைத்துவிடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். தாய்மார் அதைப் பாலித்தீன் உறையிலிட்டுப் பத்திரமாகக் காத்தார்கள். இரண்டாவது, நோயுற்ற குழந்தைக்கு ஒரு நாள், நலமான குழந்தைக்கு ஒரு நாள் என்று பிரிக்காமல், ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கிளினிக் நடத்தினார். பயிற்சி பெற்ற செவிலியரே பெரும்பாலான வேலையைச் செய்தனர். மூன்றாவது, தனிக் கவனம் தேவைப்படும் காரணங்களைக் குறிக்க அட்டையில் ஓர் இடம் ஒதுக்கினார். பிறப்பு எடை குறைந்த குழந்தை, இரட்டைக் குழந்தை, தாயையோ தகப்பனையோ இழந்த குழந்தை, முன்பு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுக் குழந்தை ஆகியோரை நோய் வருமுன்பே அடையாளம் கண்டுகொள்வதற்காக.

1982-ல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப், குழந்தைகளின் உயிர் காக்க நான்கு எளிய வழிகளை முன்வைத்தது. வளர்ச்சியைக் கண்காணித்தல், உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்பவை அவை. இந்த நான்கில் முதலிடம் மார்லியின் அட்டைக்குக் கிடைத்தது. அவர் 2009-ல் மறைந்தார். அவர் பணியாற்றிய அந்த மருத்துவமனை இன்று ஒரு நைஜீரியப் பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனைக் குழுமத்தின் பகுதியாக இருக்கிறது.

நம் மாநிலத்தில்

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டு, அங்கன்வாடிகள் வந்தன. 1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுப்பது, எடை சரியாக ஏறாதவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு கொடுப்பது, எடை ஏறியதும் நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கவனிப்பது என்பது அதன் முறை. சாப்பாடு போடுவதோடு நின்றுவிடாமல், யாருக்கு எப்போது தேவை என்பதைத் தராசைக் கேட்டு முடிவு செய்த திட்டம் அது. உலகத்தின் பல நாடுகளில் அதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

இன்று நிலைமை எப்படி? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் ஏறக்குறைய 15 பேர். இந்தியா முழுவதற்குமான கணக்கில் உயரக் குறைவு 100-க்கு 35 பேருக்கும் மேல், எடைக் குறைவு 32 பேர். எனவே நம் மாநிலம் தேசிய சராசரியைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதற்காகத் திருப்தியடைந்துவிடக் கூடாது. நான்கில் ஒரு குழந்தை என்பது, உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் நாற்பது சிறு பிள்ளைகள் உட்கார்ந்தால் அதில் பத்துப் பேர் என்று பொருள்.

அட்டையை எப்படிப் படிப்பது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடங்கள் உண்டு. அவற்றிலுள்ள கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகளை அளந்து வரையப்பட்டவை. வசதியும் பராமரிப்பும் ஒன்றுபோலக் கிடைத்தால், எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. “நம்ம பிள்ளைங்க வாகே அப்படித்தான்” என்று நாம் சொல்லி வந்த சமாதானம் சின்னக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

கோட்டைப் படிக்க ஒரே விதி போதும். கோடு எங்கே இருக்கிறது என்பதோடு, எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள்.

கோடு மேலே ஏறினால் நல்லது. தாயைப் பாராட்டுங்கள், அதே முறையில் தொடரச் சொல்லுங்கள்.

கோடு படுத்துவிட்டால், அதாவது சென்ற மாத எடையே இந்த மாதமும் இருந்தால், அது எச்சரிக்கை. பச்சைப் பகுதியில் இருந்தாலும் எச்சரிக்கையே. காரணத்தை அன்றே விசாரிக்க வேண்டும்.

கோடு கீழே இறங்கினால் ஆபத்து. குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டும்.

சிறுத்த குழந்தையாக இருந்தாலும் கோடு தொடர்ந்து ஏறுமானால் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. கொழுத்த குழந்தையானாலும் கோடு இரண்டு மாதம் படுத்திருந்தால் பயப்பட வேண்டும். பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். அதனால்தான் கண்ணை நம்பாமல் தராசை நம்புகிறோம்.

தராசு இல்லாத இடத்தில் உதவுவது ஒரு நாடா. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5 முதல் 12.5-க்குள் மஞ்சள். 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு வந்தால் தாமதிக்கக் கூடாது. இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்தால், கையளவு எதுவாயினும் அதுவும் சிவப்பே. அந்த வீக்கத்தைப் பார்த்து, “பிள்ளை சதை போட்டிருக்கு” என்று ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

நிறுத்தால் மட்டும் போதுமா?

போதாது. எங்கள் தவறிலிருந்து நாங்கள் கற்றது இதுதான். ஆராய்ச்சியும் இதையே சொல்லுகிறது. தமிழ்நாட்டின் 12 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பாதிக் கிராமங்களில் குழந்தைகளை நிறுத்து அட்டையில் குறித்து, தாய்மாருக்கு ஆலோசனையும் கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களில் வளர்ச்சி அட்டை இல்லாமல் சுகாதார, ஊட்டச்சத்துப் போதனை மட்டும் நடந்தது. முடிவில் இரு பக்கத்துக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

அட்டையைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதை உங்களிடம் மறைப்பது நேர்மையாகாது. இதன் பொருள் அட்டை வீண் என்பதல்ல. தராசு யாருக்கும் சோறூட்டுவதில்லை. குழந்தையை வளர்ப்பது அதன் வயிற்றுக்குள் போகும் உணவும், நோய்க்குக் கிடைக்கும் சிகிச்சையும், தாயோடு உட்கார்ந்து பேசும் அந்தப் பத்து நிமிடமும்தான். யாரோடு முதலில் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதை அட்டை சுட்டிக்காட்டுகிறது. பேசாவிட்டால் அது வெறும் காகிதம்.

அந்தப் பத்து நிமிடத்தில்

மறுபடியும் அந்தப் பாட்டியிடம் வருவோம். செவிலியர் அவரை நிழலில் உட்காரவைத்துக் கேட்டார்: “காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் தம்பிக்கு என்னென்ன குடுக்கிறீங்க பாட்டி?”

“கஞ்சித்தண்ணி குடுப்பேன் சிஸ்டர். டீயில பிஸ்கட்டு முக்கிக் குடுப்பேன். சோறு குடுத்தா மாந்தம் வந்துரும்னு குடுக்கறதில்ல. அவங்கம்மா சாயங்காலம் செங்கல் சூளையிலேர்ந்து வந்துதான் பால் குடுப்பா.”

இடையில் இருமுறை வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. அப்போது கஞ்சியையும் நிறுத்தியிருக்கிறார்கள். “வயித்தக் காயப்போட்டாத்தானே நிக்கும்?” என்றார் பாட்டி.

பாட்டி பேரனை நேசிக்கவில்லையா? உயிரையே வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததை அவர் உண்மையாய்ச் செய்தார். எனவே செவிலியர் அவரைக் கண்டிக்கவில்லை. அட்டையைக் காட்டி, “பாருங்க பாட்டி, இதுவரைக்கும் மேட்டுல ஏறிச்சு. இங்க வந்ததும் நடக்காம உட்கார்ந்துருச்சு” என்றார். பாட்டி தம் விரலாலேயே அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். அதன்பின் சொன்ன ஆலோசனைகள் இவை. உங்கள் சபையிலுள்ள இளம் தாய்மாருக்கும் இவை பொருந்தும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், உரமருந்து எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறியக் கூடாது.

ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த உணவு. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்குப் பின்னும் தொடரலாம். குழந்தையின் இரைப்பை சிறியது. அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் உணவு இருக்க வேண்டும். பருப்பும் சோறும் நன்றாக மசித்து ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது நெய், வேகவைத்த முட்டை, மசித்த வாழைப்பழம், முள் நீக்கிய மீன், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை ஆகிய இவையெல்லாம் நம் வீட்டிலேயே உள்ளவை. அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவைக் குழந்தைக்கே கொடுக்க வேண்டும், வீட்டார் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. தேநீர் குழந்தைக்கு ஆகாது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது.

எத்தனை வேளை? 6 முதல் 8 மாதம் வரை தினம் 2 அல்லது 3 வேளை. 9 மாதத்துக்கு மேல் 3 அல்லது 4 வேளை, இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவு. குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். அப்போதுதான் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். அவசரப்படுத்தாமல், முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்ட வேண்டும். பேச்சும் பாட்டும் விளையாட்டும் மூளைக்கு உணவு போன்றவை.

நோயில் உணவை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு தொடங்கிய உடனே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மீந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாட்கள். பேதி நின்ற பிறகும் முழுமையாகக் கொடுத்து முடிக்க வேண்டும். நோய் தீர்ந்தபின் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

தடுப்பூசிகளை அட்டையிலுள்ள தேதிப்படி போட வேண்டும். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ‘ஏ’ சொட்டும் மறக்கக் கூடாதவை.

எப்போது உடனே கொண்டுவர வேண்டும்?

குழந்தை பால் குடிக்க முடியாமல் போனால், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தால், காலையை எதிர்பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இருமல் உள்ள குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதத்துக்குள் 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் நிலைமை கடுமையானது. தொக்கம் எடுக்க, சூடு போட என்று வேறிடம் சென்று பொழுதைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்த குழந்தைகளில் சிலரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்பதைக் கனத்த மனதோடு சொல்லுகிறோம்.

மரத்தடியின் மதிப்பு

அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். எங்கள் கிராமச் சுகாதார ஊழியர் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் வந்தார். தாய் சூளைக்குக் கிளம்புமுன் ஒருமுறையும், இரவில் கூடுதலாகவும் பால் கொடுத்தார். பாட்டி தனிக் கிண்ணம் வாங்கினார். முதல் மாதம் 150 கிராம்தான் ஏறியது. எங்களுக்கே நம்பிக்கை தளர்ந்தது. பிறகு கோடு நிமிர்ந்தது. பதினான்காவது மாதத்தில் 8 கிலோ 300 கிராம். நடுவளவை அவன் இன்னும் எட்டவில்லை. இழந்த நான்கு மாதமும் முழுவதாகத் திரும்பி வருமா என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பாதைக்குள் வந்துவிட்டான்.

இப்போது எங்கள் கிளினிக்கில் ஒரு புதிய ஒழுங்கு இருக்கிறது. நிறுப்பவர் எடையைச் சொல்லுவார், எழுதுபவர் புள்ளி வைத்துக் கோட்டை இணைப்பார், கோடு படுத்திருந்தால் அட்டையின் மூலையில் சிவப்பு நூலைக் கட்டுவார். சிவப்பு நூல் கட்டிய அட்டையோடு எந்தத் தாயும் செவிலியரிடம் உட்கார்ந்து பேசாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி. இதனால் கிளினிக் முடிய ஒரு மணி நேரம் அதிகமாகிறது. அந்த ஒரு மணி நேரம் வீணல்ல என்று கண்டிருக்கிறோம்.

சிரித்துக்கொண்டே கேட்ட அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில் இதுவே. ஐயா, மளிகைக் கடைக்காரர் நிறுக்கலாம். எங்கள் கடமை நிறுத்தபின் தொடங்குகிறது. தீவிரமாக மெலிந்த ஒரு குழந்தையை வார்டில் சேர்த்து மீட்பதற்கு வாரக்கணக்கில் படுக்கையும் மருந்தும் இரவுபகல் கண்விழிப்பும் வேண்டும். அதே குழந்தையின் கோடு முதல் மாதம் படுத்தபோதே கவனித்திருந்தால், ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் பத்து நிமிடப் பேச்சும் போதுமாயிருந்திருக்கும். கருவிகளும் கட்டடங்களும் அவசியமே. அவற்றுக்காக நீங்கள் செய்த உதவியை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் மருத்துவமனையின் சேவையை எத்தனை நோயாளிகள் வார்டுக்கு வந்தார்கள் என்று மட்டும் எண்ணாமல், வார்டுக்கு வர வேண்டிய அவசியமே ஏற்படாத குழந்தைகளையும் சேர்த்து எண்ணும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அந்தக் குழந்தைகளின் படத்தை இந்த இதழில் போட முடியாது. அவர்கள் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாரம் உங்களால் ஒன்று செய்யக்கூடும். உங்கள் சபையிலோ தெருவிலோ இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையுள்ள ஒரு வீட்டுக்குப் போய், “அட்டையைக் காட்டம்மா” என்று அன்போடு கேளுங்கள். கோடு ஏறினால் அந்தத் தாயை மனதாரப் பாராட்டுங்கள். படுத்திருந்தால் குறை சொல்லாமல், அவரோடு அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணைக்குப் போங்கள். அட்டையே இல்லையென்றால், அதுவே நீங்கள் கண்டுபிடித்த முதல் எச்சரிக்கை.